நீலச் சுடருக்கு மூன்று வழிகள்

குழந்தைகளே, கனடாவில் வின்னிபெக் என்றொரு நகரம் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர் இறங்குவது வழக்கம். வெளியே போனால் இமை முடியில் பனி படியும். ஆனால் வீட்டுக்குள் 20, 21 டிகிரிதான். பிள்ளைகள் சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? வீட்டின் நிலத்தடித் தளத்தில் பீரோ போன்ற ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். அதன் பெயர் ஃபர்னஸ். அதற்குள் எரிவாயு எரிகிறது. குளிர் நுழையாதபடி கதவு, சன்னல் எல்லாம் இறுக மூடியிருக்கின்றன. கீழே நெருப்பு எரிய, மேலே குடும்பமே தூங்குகிறது.

இது ஆபத்து இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறதா? கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று வழிகள் திறந்திருந்தால் ஆபத்து இல்லை. நெருப்புக்குக் காற்று வர ஒரு வழி. எரிந்த புகை வெளியே போக ஒரு வழி. சூட்டை அறைகளுக்கு அள்ளிச் செல்ல ஒரு வழி. இந்த மூன்றும் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஃபர்னஸ் பராமரிப்பு. இனிமேல் நாம் பார்க்கப்போவதில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒரு வழியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

சுவரில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கருவி இருக்கும். அறையின் சூடு குறைந்ததும் அது ஃபர்னஸுக்குச் செய்தி அனுப்பும். உடனே எரிவாயு திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு சின்ன விசிறி சுழலத் தொடங்கும். பெட்டிக்குள் தேங்கியிருக்கும் பழைய காற்றையும் புகையையும் வெளியே தள்ளுவது அதன் வேலை. புகைக்குழாய் திறந்திருக்கிறதா, காற்று சரியாக ஓடுகிறதா என்று அழுத்தத்தைக் கொண்டு ஒரு சுவிட்ச் சோதித்துப் பார்க்கும். குழாய் அடைத்திருந்தால் அத்தோடு நிறுத்தம். நெருப்பே பற்றாது.

எல்லாம் சரி என்றால், பற்றவைக்கும் சிறு துண்டு ஒன்று ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடேறி, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதன்பிறகே வாயு திறக்கும். வரிசையாக உள்ள பர்னர்களில் நீலச் சுடர் தாவிப் பிடிக்கும்.

இப்போது ஓர் அதிசயம். சுடர் உண்மையிலேயே பற்றியதா என்று அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண் இல்லையே. சுடருக்குள் ஒரு மெல்லிய உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பது உங்களுக்குத் தெரியுமா? சுடரின் சூட்டில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் உருவாகின்றன. அவற்றின் வழியாக மிகச் சிறிய மின்சாரம், ஓர் ஆம்பியரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கு மட்டும், கம்பியிலிருந்து பர்னருக்குப் பாயும். அந்த மின்சாரம் வந்தால் சுடர் இருக்கிறது என்று பொருள். சில நொடிகளுக்குள் அது வராவிட்டால் வாயு தானாகவே மூடிக்கொள்ளும். எரியாத வாயு வீட்டில் நிறையாமல் காப்பது இந்தக் கம்பிதான். ஒரு பென்சில் அளவுகூடத் தடிமன் இல்லாத கம்பி!

சுடரின் சூடு, வளைந்து நெளிந்த உலோகக் குழாய்களுக்குள் போகிறது. அந்தக் குழாய்களின் உள்ளே புகை ஓடும்; வெளியே வீட்டுக் காற்று ஓடும். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. உலோகச் சுவரைத் தாண்டிச் சூடு மட்டும் காற்றுக்கு வரும். பெரிய விசிறி அந்தச் சூடான காற்றை எல்லா அறைகளுக்கும் அனுப்பும். புகை தனிக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடும்.

இந்த ஏற்பாடு எப்போதும் இருந்ததில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பல வீடுகளில் குளிருக்கு எரித்தது விறகோ நிலக்கரியோதான். ஒரு மைய இடத்தில் எரிவாயுவை எரித்து, சூடான காற்றைத் தனித்தனிக் குழாய்களில் ஒவ்வோர் அறைக்கும் அனுப்பலாம் என்று ஓர் ஏற்பாட்டை வரைந்து காட்டினார் ஆலிஸ் பார்க்கர் என்ற பெண்மணி. நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண் அவர். 1919 டிசம்பர் 23-ம் தேதி அதற்குக் காப்புரிமை பெற்றார். பெண்களுக்கு வாக்குரிமைகூட அந்த நாடு முழுவதும் கிடைத்திராத காலம் அது.

நெருப்பிலிருந்து தண்ணீர்

ஃபர்னஸில் எரிவது பெரும்பாலும் மீத்தேன் வாயு. ஒரு மீத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. எரியும்போது கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து என்ன ஆகும்? தண்ணீர்! 16 கிராம் மீத்தேன் எரிந்தால் 36 கிராம் நீராவி கிடைக்கும். எரிந்த பொருளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர். மீதி எடை காற்றிலிருந்த ஆக்சிஜன் கொடுத்தது.

லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் நடக்கும் இளையோருக்கான அறிவியல் சொற்பொழிவுகளைத் தொடங்கிவைத்தார். அங்கே ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு அவர் வரிசையாகப் பல நாள் பேசினார். 1861-ல் அது புத்தகமாகவும் வந்தது. மெழுகுவர்த்தி எரிந்தாலும் தண்ணீர் பிறக்கும் என்று அவர் பிள்ளைகளுக்குக் கண்முன் காட்டினார்.

நீங்களும் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இதைப் பார்க்கலாம். கட்டாயம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைப்பதும் அவர்தான். ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் சாதாரணக் குழாய் நீரை ஊற்றி, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். எட்டி நின்று பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் கவனியுங்கள். பளபளவென்று இருந்த எவர்சில்வர் சட்டென்று மங்கும். பொடிப்பொடி நீர்த்துளிகள் பூக்கும். பாத்திரம் சூடானதும் அவை மறைந்துவிடும். சுடரில் பிறந்த நீராவி, இன்னும் சூடேறாத உலோகத்தில் பட்டுத் தண்ணீரானதைத்தான் பார்த்தீர்கள்.

இன்றைய புதிய ஃபர்னஸ்கள் இந்த நீராவியையும் வீணாக்குவதில்லை. தண்ணீர் ஆவியாக மாறும்போது நிறையச் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆவி திரும்பத் தண்ணீராகும்போது அந்தச் சூடு முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் புகையை இன்னொரு வரிசைக் குழாய்களில் ஓடவிட்டு, குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கிச் சூட்டை வாங்கிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட ஃபர்னஸ், எரிவாயுவில் உள்ள வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வீட்டுக்குக் கொடுத்துவிடும். வெளியேறும் புகை அவ்வளவாகச் சுடாது என்பதால் அதற்குப் பிளாஸ்டிக் குழாயே போதும். தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாக வடிந்து போகும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் ஃபர்னஸின் காலடியில் தண்ணீர் தேங்கும். அதைப் பார்த்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை

நெருப்புக்குப் போதிய காற்று கிடைத்தால் வாயுச் சுடர் நீலமாக, நிலையாக, ஆடாமல் எரியும். காற்று குறைந்தால் கார்பன் முழுதாக எரியாமல் கரித்துகளாக மிஞ்சும். அந்தத் துகள்கள் சூட்டில் பழுத்து மஞ்சளாக ஒளிரும். மெழுகுவர்த்தியின் மஞ்சள் வெளிச்சமும் அதுதான். மெழுகுவர்த்தியில் அது அழகு. ஃபர்னஸில் சோம்பலாக ஆடும் மஞ்சள் சுடர் தெரிந்தால், முதல் வழியில், அதாவது காற்று வரும் வழியில், ஏதோ கோளாறு.

காற்று குறையும்போது கரியைவிட மோசமான ஒன்றும் பிறக்கிறது. கார்பனோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. ஒன்றே ஒன்று சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அறையில் இருப்பது தெரியவே தெரியாது.

அது என்ன செய்யும்? நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி உடம்பெங்கும் இறக்கிவிட்டு வரும் பேருந்து மாதிரி. கார்பன் மோனாக்சைடு அதில் ஏறி இருக்கையைப் பிடித்துக்கொண்டால் எளிதில் எழுந்திருக்காது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, தூக்கம் வரும். ஃப்ளூ போலவே இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் சரியானால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வாயுவை முதலில் வேட்டையாடியவர்களில் ஒருவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் பலர் வெடிப்பால் அல்ல, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள் என்று 1890-களில் அவர் கண்டறிந்தார். சிறு உயிர்களை இந்த வாயு வேகமாகத் தாக்கும் என்பதால், அவற்றைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றார். கேனரி என்ற சின்ன மஞ்சள் பறவைகள் சுரங்கத் தொழிலாளிகளோடு இறங்கின. பறவை மயங்கினால் ஆட்கள் ஓடி வெளியேறுவார்கள். மயங்கிய பறவைக்கு ஆக்சிஜன் கொடுத்துப் பிழைக்கவைக்கும் கூண்டுகளும் இருந்தன. பிரிட்டனில் 1986-ல்தான் கேனரிகளின் இடத்தை மின்கருவிகள் பிடிக்கத் தொடங்கின.

இன்று வீட்டுச் சுவரில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம்தான் நம் கேனரி. அதற்குள் அந்த வாயு போனால் வேதிவினை நடந்து சிறு மின்சாரம் பிறக்கும். அளவு கூடினால் அலறும். இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்றின் பத்து லட்சம் பங்கில் 400 பங்கு வாயு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அலறிவிடும். 70 பங்குதான் என்றால் 1 மணி முதல் 4 மணி நேரம்வரை காத்திருந்துவிட்டு அலறும். ஏன் காத்திருக்கிறது? இரத்தத்தில் இந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்கிறது. அளவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது அந்தக் கருவி.

வட அமெரிக்காவில் அது நான்கு முறை பீப் ஒலித்து, நிறுத்தி, மறுபடி நான்கு முறை ஒலிக்கும். புகை அலாரம் என்றால் மூன்று மூன்றாக. நான்கு பீப் கேட்டால் தயங்கவே கூடாது. எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். வெளியே நின்று 911-ஐ அழைக்க வேண்டும். சரி என்று தீயணைப்பு வீரர் சொல்லும்வரை உள்ளே நுழையக் கூடாது.

வாயுவுக்கு மணம் வந்த கதை

மீத்தேனுக்கும் இயல்பாக மணம் கிடையாது. அப்படியானால் வாயு கசிந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதே? அது நாம் வேண்டுமென்றே கலப்பது. அதன் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியின் அடித்தளத்தில் வாயு கசிந்து நிறைந்திருந்தது. மணமில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி பட்டதும் வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகள். அதன்பிறகு வாயுவில் வாடை கலக்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது. மற்ற இடங்களும் அதைப் பின்பற்றின.

மெர்காப்டான் என்ற கந்தகப் பொருள்தான் அந்த வாடை. காற்றில் 5 சதவீதம் மீத்தேன் சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். சுமார் 1 சதவீதம் இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும்படி கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சுக்குள் தெறிக்கும் சிறு பொறியே போதும். வீட்டுக்குள் நின்று ஃபோன் பேசவும் கூடாது. வெளியே போன பிறகே அழைக்க வேண்டும்.

நம் ஊர் சமையல் எரிவாயுவிலும் இதே குடும்ப வாடைதான். வாடை வந்தால் பெரியவர்கள் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, இந்தியாவில் என்றால் 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

யார் எதைப் பார்ப்பது?

ஃபர்னஸைச் சோதிப்பதில் மூன்று பேருக்கு வேலை உண்டு. பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு, பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு.

பிள்ளைகளின் வேலை பார்ப்பது, கேட்பது, முகர்வது, சொல்வது. எதையும் திறக்கக் கூடாது. வழக்கமில்லாத சத்தம் வருகிறதா? அடிக்கடி எரிந்து எரிந்து அணைகிறதா? பெட்டியைச் சுற்றிப் புகைக்கறை தெரிகிறதா? பக்கத்தில் அட்டைப்பெட்டி, துணி, பெயின்ட் டப்பா யாராவது அடுக்கியிருக்கிறார்களா? சூடான காற்று வரும் திறப்புகளை சோபாவோ பொம்மைக் கூடையோ மறைக்கிறதா? இவற்றைப் பார்த்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

பனி கொட்டிய மறுநாள் இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. வீட்டின் பக்கச்சுவரில் புகைக்குழாயும் காற்றுக்குழாயும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பனி மூடியிருந்தால் உடனே பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். புகை போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வருத்தமான உதாரணம் உண்டு. 2008 டிசம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உட்ஸ்டாக் என்ற ஊரில் ஒரு வீட்டில், எரிவாயுக் கணப்பின் புகைக்குழாய் அடைபட்டிருந்தது. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். வீட்டில் அலாரம் இல்லை. தீயணைப்பு வீரராக இருந்த அவர்கள் உறவினர் ஒருவர், இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நேரக் கூடாது என்று பாடுபட்டார். 2013-ல் அந்தக் குடும்பத்தின் பெயராலேயே சட்டம் வந்தது. எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயமாயிற்று.

பெரியவர்களின் வேலை ஃபில்டரை மாற்றுவது. விசிறிக்குப் போகும் காற்றை வடிகட்டும் சட்டகம் அது. ஃபர்னஸை அணைத்துவிட்டு அதை மெதுவாக இழுத்தால் வெள்ளையாக இருந்த மடிப்புகளில் சாம்பல்நிறத் தூசி, தலைமுடி, நூல்பிசிறு, பூனை ரோமம் எல்லாம் ஒட்டிப் படர்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாதாரண ஃபில்டரை 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சட்டகத்தின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும்; அது காற்று போகும் திசையை, அதாவது ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். அம்புக்குறியைச் சரிபார்க்கும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு தூசி படிந்த ஃபில்டருக்கு இத்தனை கவனமா? ஆம். அது மூன்றாவது வழியில் நிற்கிறது. காற்று குறைந்தால் சூட்டை அள்ளிச் செல்ல ஆளில்லை. உலோகக் குழாய்கள் அளவுக்கு மீறிக் கொதிக்கும். ஒரு பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைக்கும், சற்று ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி அணையும். உலோகம் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும் என்று படித்திருப்பீர்கள். இப்படி விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஆண்டுகள் போனால் குழாயில் விரிசல் விழலாம். அப்போது எந்தப் புகையும் காற்றும் சேரவே கூடாதோ அவை சேரக்கூடும்.

மெக்கானிக்கின் வேலை பெட்டியைத் திறப்பது. வாயுக் குழாய், பர்னர், புகையளவு, உலோகக் குழாயில் விரிசல் ஆகியவற்றை அவர் கருவி வைத்துப் பார்ப்பார். சுடரைக் கண்டுபிடிக்கும் அந்த மெல்லிய கம்பியில் படலம் படிந்தால் மின்சாரம் பாயாது. சுடர் பற்றிய சில நொடியில் அணைந்துவிடும். அவர் அதை மெல்லத் துடைத்துச் சரிசெய்வார். குளிர்காலம் தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை அவரை அழைப்பது நல்லது. ஒன்டாரியோவில் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே எரிவாயு வேலையில் கைவைக்கலாம். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அப்பாவோ மாமாவோ வாயுக் குழாயைக் கழற்றக் கூடாது.

ஃபர்னஸ் இல்லாத வீட்டுக்கும் இதே விதிதான்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் பிள்ளைகளே, நமக்கு ஃபர்னஸ் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சன்னல் இல்லாத குளியலறையில் எரிவாயு கீசர், மூடிய அறைக்குள் ஓடும் ஜெனரேட்டர், மலை ஊர்களில் குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் வைக்கும் கரி அடுப்பு. இவற்றால் உயிர் போனவர்கள் நம் ஊரிலும் உண்டு. கரி புகையாமல் கனன்றால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குப் புகை தெரியாத அந்தக் கனலும் கார்பன் மோனாக்சைடை நிறைய வெளியிடும். எங்கே எது எரிந்தாலும் காற்று வர வழி உண்டா, புகை போக வழி உண்டா என்று கேளுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் எரியும் பொருள்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: அடுப்பு, கீசர், ஜெனரேட்டர், ஃபர்னஸ், எதுவானாலும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம் போட்டுக் காற்று, புகை, சூடு என்று எழுதி, வழி இருந்தால் சரி போடுங்கள். இல்லாத இடத்தில் பெருக்கல் குறி போட்டு வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தால் அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். அதன் உணர்கருவி பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தான் உழைக்கும். தேதி தாண்டியிருந்தால், சோதனைப் பொத்தானை அழுத்தும்போது சத்தம் வந்தாலும் அதை நம்ப முடியாது. புதியது வாங்கும்வரை விடாமல் நினைவுபடுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் எத்தனை முறை நச்சரித்தாலும் தப்பே இல்லை.